மலைக்கோட்டையில் குடை பிடித்தவர்

பள்ளிக்கூடத்துக் கரும்பலகை எனக்கு வெறும் கறுப்பு. முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் வாத்தியார் எழுதுவது தெரியாது. அதற்காக நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. தூரத்தில் இருப்பதையெல்லாம் எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டோடு இருந்துகொண்டு, வாசலிலேயே காப்பித்தூள் கடை வைத்திருந்தார். கொட்டை வறுபட்ட பதத்தை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

சாயங்காலங்களில் என்னைக் காவிரிப் பாலத்துக்கு அழைத்துப்போவார். எதிரே மலைக்கோட்டை எனக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல். மாமாவோ தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு ஆரம்பிப்பார். "உச்சியில ஒருத்தர் பச்சைக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாருடா. குரங்கு ஒண்ணு பொரி கேட்டு அவரு வேட்டியை இழுக்குது." நானும் அதே மாதிரி தலையைச் சாய்த்துப் பார்ப்பேன். மாமனை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

வகுப்பில் இதைச் சொன்னபோது, உன் மாமா சரியான புளுகர் என்று சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில்தான், பார்வை குறைந்தவர்களுக்கென்றே ஒரு டாக்டரம்மா திருச்சிக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அம்மா என்னைக் கூட்டிப்போனாள். துணைக்கு மாமாவும் வந்தார். கண்ணாடி போட்டால் தீராது, இருக்கிற பார்வையை வைத்தே சமாளிக்கலாம் என்று சொல்லி, விரல் நீளத்தில் ஒரு தொலைநோக்குக் குழாயை டாக்டரம்மா என் கையில் கொடுத்தார். எதிர்ச் சுவர்க் காலண்டரில் தேதியைப் படித்தேன். அம்மா அழுதே விட்டாள்.

"வீட்டுல வேற யாராவது இப்படித் தலையைச் சாய்ச்சுப் பார்ப்பாங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இதோ, என் தம்பி. எங்க குடும்ப ஜாடைங்க அது" என்றாள் அம்மா.

"அப்ப நீங்களும் கொஞ்சம் உக்காருங்க சார்."

"கடை திறக்கணுங்க" என்று மாமா வெளியே நழுவிவிட்டார். சொட்டு மருந்துக்குப் பயம் போலிருக்கிறது என்று எனக்கு ஒரே சிரிப்பு.

மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பும்போது பாலத்தில் இறங்கியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். மாமா புளுகர் இல்லை என்று இன்றைக்கு நிரூபித்துவிடலாம். குழாயைக் கண்ணில் வைத்து உச்சியைத் தேடினேன். குடையும் இல்லை, குரங்கும் இல்லை.

"யாரையும் காணோமே மாமா."

"வெயில் இறங்கிடுச்சுல்ல, வீட்டுக்குப் போயிருப்பாரு" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இப்படிக் கொண்டா" என்று குழாயை வாங்கினார். கண்ணில் வைத்தவர் எடுக்கவே இல்லை. அம்மா கூப்பிட்டதுகூட அவர் காதில் விழவில்லை. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்ன மாமா தெரியுது?"

"மேல மண்டபம் இருக்குடா" என்றார் மெதுவாக. "தூண் தூணா இருக்கு."

அவ்வளவுதான். குரங்கு இல்லை, பொரி இல்லை, வெறும் தூண். மாமாவும் அன்றுதான் மலைக்கோட்டையை முதன்முதலாகப் பார்க்கிறார் என்று எனக்கு எங்கே தெரிந்தது? குழாய் வந்தது, மாமாவுக்குக் கதை சொல்லவே மறந்துபோய்விட்டது என்று வீடு வந்து சேரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.