முட்டிக்கு ஒரு பால்குடம்

முட்டி வலிக்கு வைத்தியமாக, பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, அதையே என் வலது முட்டிக்குள் ஊசியால் ஏற்றினார்கள். உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு முருகனிடம் சொன்னேன்: 'முட்டி சரியானால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன்.'

சரியாகிவிட்டது. தைப்பூசமும் வந்தது. டாக்டர் படி ஏறக்கூடாது என்று சொல்லியிருந்ததைக் கிள்ளானில் இருக்கும் அக்காவிடம் சொன்னேன். அவள் சீறினாள்.

"காரியம் முடிஞ்சதும் சாமியை ஏமாத்துறியா? உன் பிள்ளைங்க நல்லா இருக்க வேணாமா?"

தைப்பூசத்தன்று வெறுங்காலோடு பத்துமலை முருகன் கோயில் படிகளை ஏறினேன். பால் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. இறங்கும்போதுதான் முட்டி மடங்கிப் பாதிப் படியில் விழுந்தேன். இரண்டு பேர் தூக்கிவந்தார்கள்.

வீங்கிய முட்டியைப் பார்த்து, நடந்ததைக் கேட்டு டாக்டர் சிரித்தார்.

"நன்றி சொல்லவா மலை ஏறுனீங்க? ஊசி போட்டது நான் லா, ஆன்டி. எனக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்திருந்தா போதுமே. சவ்வு கிழிஞ்சிருச்சு. இனிமே ஆபரேஷன்தான்."

கூட வந்திருந்த அக்கா என் கையைப் பிடித்தாள். "பயப்படாத. நல்லபடியா முடிஞ்சா மறுபடியும் பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிக்க."

அவளைத் திட்டத்தான் வாய் திறந்தேன். ஆனால் டாக்டர் 'ஆபரேஷன்' என்று சொன்னபோதே நான் அதையே வேண்டிக்கொண்டுவிட்டேன்.