ரோசலினுக்கு ஏற்றாத மெழுகுவர்த்திகள்

செபஸ்தியம்மா ஆயா இறந்த செய்தியை அம்மா தொலைபேசியில் சொன்னபோது நான் ஹட்டனில் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் பொகவந்தலாவை பஸ்சில் ஏறி உட்கார்ந்திருந்தேன். "ஆயா காலையில எந்திரிக்கல. தூக்கத்துலயே போயிட்டாங்க," என்றார். பிறகு, "அடக்கத்துக்கு நீ வர வேணாம். பெரியம்மா வீட்டுலயே இருந்துக்க," என்றார். பெரியம்மாவின் வீடு ஹட்டனிலேயே இருக்கிறது. பஸ் புறப்பட்டது. நான் இறங்கவில்லை.

அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் எல்லோருக்கும் தெரியும். ஆயாவைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஆயாவின் தம்பி மகன் ஜோசப் அண்ணன் கேட்டார். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

ஆயா எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தவர். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுச் செல்வார்கள். தகரக் கூரை போட்ட நீளமான ஒற்றை அறை. மேலே உத்தரத்தில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு சேலைத் தொட்டில். ஆயா ஒரு கையால் ஒரு தொட்டிலையும் காலில் கட்டிய கயிற்றால் இன்னொரு தொட்டிலையும் ஆட்டிக்கொண்டே செபமாலை சொல்வார். இந்துப் பிள்ளைகளான நாங்களும் அருள்நிறைந்த மந்திரத்தைக் கேட்டுத்தான் தூங்கினோம். மாதா கோவிலில் பூசைக்கு வருகிற சனத்தைவிடத் தன் செபத்துக்கு வருகிற சனம் அதிகம், என்ன, எல்லாம் தூங்கிவிடுகிறது என்று பாதரிடமே சொல்லிச் சிரிப்பாராம். அழுது ஊரைக் கூட்டும் பிள்ளையின் தாயிடம், "இவன் வாய்க்குக் கொழுந்து எடுக்க மாட்டான் புள்ள, கங்காணியாத்தான் போவான்," என்பார்.

அவருக்கு ஒரே மகள். பெயர் ரோசலின். நான் பிறப்பதற்கு மூன்று வருடத்துக்கு முன்பு, நாலு வயதில், காய்ச்சலில் இறந்துபோனாள். கணவர் அதற்கும் முன்பே இறந்திருந்தார்.

இனிச் சொல்லப்போவது எனக்கு மூன்று வயதில் நடந்தது. எனக்கு எதுவும் நினைவில்லை. ஆயாவும் அம்மாவும் தனித்தனியாகச் சொன்னதை எழுதுகிறேன்.

ஒரு மத்தியானம் எல்லாப் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து தொட்டில்களுக்கு நடுவே நின்றதாம். நான் பாயிலிருந்து எழுந்து, ஜன்னலோரம் உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயா என்னவென்று கேட்டார். "என் தொட்டில் எங்க?" என்றேன். "நீ பெரிய புள்ள, ஒனக்குப் பாய்," என்றார் ஆயா. "இங்கதான் இருந்துச்சு. நீங்கதான கழட்டுனீங்க," என்றேன்.

அந்த இடத்தில் கொக்கி இல்லை. நாலு வயதிலும் ரோசலின் விடாத தொட்டில் தொங்கிய கொக்கியை, அவளை அடக்கம் செய்த வாரமே ஆயா தன் கையால் பிடுங்கி, ஓட்டையையும் அடைத்திருந்தார்.

ஆயா யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சில நாள் கழித்து, சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு என்னைத் தூக்க வந்த அம்மாவிடம் நான் போக மறுத்தேன். ஆயாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் எங்கம்மா," என்றேன். நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆயாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கதை வரிசை வீடுகளில் லயம் லயமாகப் பரவியது. பிள்ளைகளை நிறுக்க வரும் மிட்வைஃப், நாங்கள் நோனா என்று கூப்பிடும் சிங்களப் பெண்மணி, தங்கள் ஊரிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்ததாகச் சிங்களத்தில் சொன்னார். ரோசலினின் சட்டை, பொம்மை எல்லாவற்றையும் மற்றப் பிள்ளைகளின் சாமான்களோடு கலந்து என் முன்னால் வைத்துப் பார்க்கலாம், எதை எடுக்கிறேன் என்று தெரிந்துவிடும் என்றார். ஆயா சம்மதிக்கவில்லை. "எங்களுக்கு ஒரு தடவைதான் நோனா," என்றாராம். "ஒரு தடவைதான் பொறப்பு, ஒரு தடவைதான் சாவு. வேற எதுவும் எங்க வேதத்துல இல்ல."

என் வீட்டில் வேறு பயம். முன்பிறப்பைப் பேசும் பிள்ளை நிலைக்காது என்று பாட்டி ஒருவர் சொல்ல, அம்மா என்னை மாரியம்மன் கோவிலுக்குத் தூக்கிச் சென்று கையில் கறுப்பு நூல் கட்டினார். மறுநாள் தண்ணீர்ப் பீலியடியில் ஆயாவைப் பார்த்ததும், "ஒங்க மக செத்ததுக்கு எம்மகதான் கெடைச்சாளா?" என்று கேட்டுவிட்டார்.

ஆயா குடத்தை நிரப்பி முடித்தார். "நான் ஒரு வார்த்த சொல்லல தங்கச்சி. சொன்னது ஒம்மக," என்றுவிட்டுப் போனார்.

நான் பிள்ளைக்காம்பராவிலிருந்து நிறுத்தப்பட்டேன். அதன் பிறகு ஆயா வழியில் கண்ட எல்லாப் பிள்ளைகளின் தலையையும் தடவுவார், என் தலையைத் தவிர. என்னை விட்டு ஒதுங்கி, தேயிலைச் செடி ஓரமாக நின்று நான் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அவர் மேல் பயமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. யார் மேல் பொறாமை என்று அப்போது தெரியவில்லை.

பத்து வயதில், நவம்பர் மாதம் மரித்தவர்களுக்காகச் செபிக்கும் நாளில், என் வகுப்புத் தோழி ஸ்டெல்லாவோடு சேமக்காலைக்குப் போனேன். பைன் மரங்களுக்குக் கீழே சரிவில் இருக்கிற கல்லறைகளில் எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆயா, யாரும் வராத பழைய குழிகளுக்கும் தேடித் தேடி ஏற்றினார். சின்ன மரச்சிலுவை நட்ட ஒரு மேட்டுக்கு மட்டும் ஏற்றவில்லை. சிலுவையில் ரோசலின் என்று எழுதியிருந்தது. ஆயா ஒருவேளை மறந்துவிட்டார் என்று நினைத்து, "இதுக்கு ஏத்தலையா ஆயா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். சுற்றி இருந்த வெளிச்சம் எல்லாம் அவர் மூக்குக் கண்ணாடியில் தெரிந்தது. "உள்ள யாரும் இருந்தாத்தானே ஏத்தணும்," என்றார். பிறகு, "வீட்டுக்குப் போ. பனி எறங்குது," என்றார்.

ஒரு தடவைதான் என்று ஊருக்குச் சொன்னவர், அந்தச் சிறிய மேட்டுக்கு மட்டும் வருடா வருடம் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தார். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பாதரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

எனக்குப் பதினாறு வயதானபோது ஆயா வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கண்ணும் மங்கியிருந்தது. நான் சாகமாட்டேன் என்று அம்மாவுக்கு ஒருவாறு நம்பிக்கை வந்து, நூலும் என் கையிலிருந்து போயிருந்தது. ஒரு நாள் ஆயா என்னைத் தன் வீட்டுக் காம்பராவுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கொழும்பிலிருந்து வந்த ஜோசப் அண்ணன் போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாராம். ஆதிக் கிறிஸ்தவர்கள் மறுபிறப்பை நம்பினார்கள், பின்னால் வந்த ஒரு ராசா அதை வேதத்திலிருந்து வெட்டி எடுத்துவிட்டான் என்று அதில் ஒருவர் பேசினார்.

"நீதான் எந்நேரமும் படிக்கிறியே," என்றார் ஆயா. "மொதமொத இருந்தவங்க அத நம்புனாங்களா இல்லையான்னு பாத்துச் சொல்லு. எனக்குப் புடிச்ச மாதிரி சொல்லாத. இருக்கிறத சொல்லு."

ஹட்டன் கோவிலில் பாதர் ஒருவர் தன் புத்தக அலுமாரியைத் திறந்துவிட்டார். யாருக்காக இந்தக் கேள்வி என்று கேட்டார். எனக்காக என்று பொய் சொன்னேன். மூன்று சனிக்கிழமைகள் விறாந்தையில் அகராதியோடு உட்கார்ந்து தடித்த ஆங்கிலப் புத்தகங்களைப் படித்தேன். படிக்கும்போது ஆயாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் தீர்ப்பு எழுதப்படுகிறது என்று தோன்றிக்கொண்டிருந்தது.

கண்டதை ஆயாவிடம் வாசித்துச் சொன்னேன். பிறவிக் குருடனைப் பார்த்த சீடர்கள், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். பிறக்கும் முன்பே ஒருவன் பாவம் செய்திருக்கலாம் என்ற எண்ணம் அந்தக் கேள்வியில் இருக்கலாம். ஆனால் இயேசு இரண்டும் இல்லை என்கிறார். பழைய தீர்க்கதரிசி ஒருவர்தான் ஞானஸ்நானம் கொடுத்த யோவானாகத் திரும்ப வந்தார் என்பதையும் சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நீ அவரா என்று கேட்டபோது யோவானே இல்லை என்று சொல்லிவிட்டார். அலெக்சாந்திரியாவில் இருந்த ஒரு பெரிய அறிஞர், ஆன்மாக்கள் உடலுக்கு முன்பே இருந்தன என்று நினைத்தார். அது பின்னால் ஒரு பேரரசர் காலத்தில் கண்டிக்கப்பட்டது. வீடியோக்காரர் சொன்ன ராசா அவர்தான். ஆனால் ஓர் ஆன்மா செத்து இன்னொரு உடலில் பிறக்கும் என்பதை அந்த அறிஞரே மறுத்து எழுதியிருக்கிறார். ஒதுங்கியிருந்த சில கூட்டத்தார் நம்பியிருக்கிறார்கள். மற்றவர்கள் நம்பியது இதே உடல் ஒரு நாள் எழும்பும் என்பதை.

கடைசி வரியை வாசிக்காமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். "ஆதியில் இருந்தது ஆயா, வெட்டி எடுத்துவிட்டார்கள்," என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எனக்கும் இரண்டு தாய்மார் இருந்திருப்பார்கள். ஆனால் இருக்கிறதைச் சொல் என்று கேட்டிருந்தார். வாசித்தேன்.

ஆயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அப்ப இத்தன வருசமா அவ இருட்டுலயா கெடந்தா?" என்றார்.

நான் தாளை மடித்தேன்.

"எழும்புறப்ப நாலு வயசாவே எழும்புவாளா?"

"புத்தகத்துல இல்ல ஆயா."

"ஒம் புத்தகத்துக்கும் தெரியாதது இருக்கே," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் என்னைக் கூட்டிக்கொண்டு சேமக்காலைக்குப் போனார். அது நவம்பர் இல்லை. அங்கே வேறு யாரும் இல்லை. ஏற்றாமல் விட்ட வருடத்துக்கு ஒன்றாகப் பதின்மூன்று மெழுகுவர்த்திகளைப் பையிலிருந்து எடுத்தார். நான் நட்டுக் கொடுத்தேன், அவர் ஏற்றினார். பனிமூட்டம் அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால் பக்கத்துச் சிலுவைகூடத் தெரியவில்லை. காற்றே இல்லை. பதின்மூன்று சுடரும் அசையாமல் நின்றன. ஆயா முழங்காலில் இருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"ரோசலின்," என்று கூப்பிட்டார்.

நான் "ம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யோசித்துச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

ஆயா திரும்பவில்லை. அவர் முதுகு மட்டும் ஒரு தடவை அசைந்தது. "ஒன்ன கூப்பிடல தர்சினி," என்றார் மெதுவாக. பிறகு குழி மேட்டில் கையை வைத்து, "மன்னிச்சிரு சின்னவளே. ஒன்ன அடுத்தவ புள்ளைக்குள்ள தேடிக்கிட்டு இருந்துட்டேன்," என்றார்.

திரும்பி வரும் வழியில், எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவையாக என் தலையில் கை வைத்தார். அன்று முதல் என்னை மற்றப் பிள்ளைகளைப் போலவே நடத்தினார். தலை ஒழுங்காகப் பின்னவில்லை என்று திட்டினார். குனிந்து படித்து முதுகு கூன் விழுந்துவிடும் என்றார். அதற்கு முன் ஆயாவிடம் திட்டு வாங்குவது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலம் ஐந்து மாதம்தான் இருந்தது.

ரோசலினின் குழியிலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்று ஆயா சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். பழைய குழியைத் திறக்கும்போது கிடைக்கும் எலும்புகளை வெள்ளைத் துணியில் எடுத்துக் கட்டி, புதிய பெட்டியோடு வைத்து மூடுவார்கள். மறுநாள் நான் சேமக்காலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டி வந்துவிட்டது. ஆனால் குழி வெட்டிய ராமையா மாமா உள்ளேயே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் துணி மடிப்புக் கலையாமல் அவர் தோளில் கிடந்தது.

"ஒண்ணும் இல்லீங்க பாதர்," என்றார். "எலும்பு இல்ல. பலகை இல்ல. ஒரு ஆணிகூட இல்ல."

தேயிலை வளர்கிற புளித்த மண், எந்நேரமும் ஈரம், சின்னப் பிள்ளையின் எலும்பு நிற்காது என்றார் பாதர். அது உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். ஆனால் ஒருவர் பின் ஒருவராகச் சனம் என் பக்கம் திரும்பியது. எனக்குப் பின்னால் யாரோ தணிந்த குரலில், "அங்க எப்படி இருக்கும்? இங்கல்ல நிக்குது," என்றார்கள். அம்மா கூட்டத்துக்குள் வந்து என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

நான் சும்மா நின்றால் அந்தத் துணி வெறுமையாகவே போகும். ஆயா அந்தக் குழிக்குள் தனியாகப் போவார். அவர் மன்னிப்புக் கேட்ட பிள்ளை அங்கே இல்லை என்று எல்லோருமாகத் தீர்மானித்துவிடுவார்கள். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, குழியின் விளிம்பில் போய் மண்டியிட்டேன். துணியைத் தரச் சொல்லி வாங்கி மடியில் விரித்தேன்.

"அடி மண்ண அள்ளிக் குடுங்க மாமா," என்றேன்.

ராமையா மாமா பாதரைப் பார்த்தார். பாதர் தடுக்கவில்லை. மாமா குனிந்து, இரண்டு கையாலும் கறுத்த மண்ணை அள்ளி என் துணியில் வைத்தார். குளிர்ந்து, நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. நாலு முனையையும் சேர்த்து முடிந்தேன்.

"இதுதான் ரோசலின்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

பெட்டியை இறக்கியதும், உள்ளே ஆயாவின் கைகள் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே அந்த முடிச்சை வைக்கச் சொன்னேன். மாமா வைத்துவிட்டு மேலே ஏறினார்.

மறுபிறப்பு உண்டா என்று என்னிடம் இப்போதும் கேட்கிறார்கள். அன்று "ம்" என்றது யார் என்று எனக்கே தெரியாதபோது நான் என்ன சொல்ல? புத்தகத்தில் இருப்பதை ஆயாவுக்குச் சொன்னேன். மண்ணில் இருந்ததை அள்ளிக் கொடுத்தேன்.

தூங்குங்கள் ஆயா. எத்தனையோ பிள்ளைகளைத் தூங்கவைத்த கைகள் உங்களுடையவை. உங்கள் பிள்ளை அவற்றின் மேல் படுத்திருக்கிறாள்.