இரண்டு சந்தேஷ் பெட்டிகள்

நிர்மால்ய குண்டுவுக்குப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார விரிவுரையாளர் வேலை கிடைத்தபோது பெலேகாட்டாவில் அவருடைய தெருவே திரண்டு வந்து வாழ்த்தியது. உள்ளே என்ன காத்திருக்கிறது என்று ஒரு புண்ணியவானாவது சொல்லியிருக்கலாம்.

துறையில் மாலை நான்கு மணிக்கு இரண்டு மேஜைகளில் தேநீர். ஜன்னலோரம் துறைத்தலைவர் பாக்சி, கதவோரம் மூத்த பேராசிரியர் லாஹிரி. வறுமைக்குக் காரணம் நிலம் என்பார் முன்னவர், சந்தை என்பார் பின்னவர். பதினோரு வருடமாக இந்த மேஜைப் பொரி அந்த மேஜைக்குப் போனதில்லை. நம் ஆளின் வேலை நிரந்தரமாக இரண்டு பேருமே கையெழுத்துப் போட வேண்டுமே! ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே உட்கார்ந்து, இரண்டிடத்திலும் தலையாட்டினார். வகுப்பில் மட்டும், "மனுஷனுக்குத் தனக்கு எது வேணும்னு தெரியும்" என்று அடித்துச் சொல்வார்.

வேலையில் சேர்ந்து ஒரு வருடம் முடிகிற நேரத்தில் துர்கா பூஜை வந்தது. துர்கையை ஆற்றில் கரைத்ததும் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டாக வேண்டும். யார் வீட்டுக்கு முதலில்?

"பாக்சி வீட்டுக்குப் போய்த் தொலையேன்" என்றாள் மனைவி ரூமா.

"லாஹிரிக்குத் தெரிஞ்சா?"

"அப்ப அவர் வீட்டுக்குப் போ."

"பாக்சிக்குத் தெரிஞ்சா?"

"அடக் கடவுளே! பேசாம என் காலைத் தொட்டுக்கோ, பிரச்சினை தீர்ந்தது."

கடைசியில் ஒரே கடையில், ஒரே எடையில் இரண்டு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு பாக்சி வீட்டுக்குப் போனார். பூட்டு தொங்கியது. முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் லாஹிரி வீட்டுக்கு நடந்தார்.

கதவு திறந்திருந்தது. உள்ளே பாக்சி குனிந்து லாஹிரியின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தார்!

"என்னப்பா முழிக்கிற? அண்ணன் என்னைவிட ரெண்டு வயசு மூத்தவர். அவர் எழுதறதெல்லாம் அபத்தம், அது வேற விஷயம்" என்றார் பாக்சி.

நிர்மால்யவுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரே இரண்டு ஜோடிக் கால்கள். எதை முதலில் தொடுவது? குனிந்தவர், நடுவிலிருந்த தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டார்.

தேங்காய் உருண்டைத் தட்டோடு வந்த லாஹிரியின் மனைவி சிரித்துவிட்டார். "தரைக்கு என்ன வயசுப்பா ஆகுது?"

"உன் வேலை நிரந்தரமாயிடுச்சு" என்றார் லாஹிரி. "போன மாசமே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டோம். கடிதம் லீவுல ஆபீஸ்ல தூங்குது."

"எதுக்காக சார் போட்டீங்க?"

"உன் ஆய்வேட்டுக்காக! சணல் விவசாயிகளைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் எழுதினது தப்புன்னு புட்டுப் புட்டு வச்சிருக்க. சரி, அதை எழுதினவன் எப்ப வேலைக்குச் சேரப்போறான்? ஒரு வருஷமா வேற எவனோல்ல வந்து தலையாட்டிட்டுப் போறான்."

நிர்மால்யவுக்குச் சுருக்கென்றது. பெட்டிகளைக் கீழே வைத்தார்.

"நீங்க எழுதினது தப்புதான் சார். நிலமும் இல்ல, சந்தையும் இல்ல. நீங்க ரெண்டு பேருமே அந்த விவசாயிகிட்டப் போய்க் கேட்கல."

பாக்சியின் கையில் உருண்டை பாதியில் நின்றது. "அப்படி வா வழிக்கு! லீவு முடிஞ்சதும் என் மேஜைக்கு வா, பார்த்துக்கறேன்."

"உன் மேஜைக்கு எதுக்கு? என் மேஜைக்கு வரட்டும்" என்றார் லாஹிரி.

இருவரும் நிர்மால்யவையே பார்த்தார்கள். பழக்கதோஷத்தில் தலை ஆடத் தொடங்கியது. நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் என் மேஜைக்கு வாங்க, சார்."

சொன்னது தான்தானா என்று அவருக்கே விளங்கவில்லை.