மூன்றாம் பீரியடுக்குப் போன கணக்கு

மலையூரான கவுஞ்சியில் கல்லாகக் கிடந்த சரிவை வெட்டிப் பதினொரு அடுக்குப் படிநிலமாக்கியவன் நான். மாடு போன தடத்தில் மண்ணடித்து வண்டிப்பாதை போட்டேன். கேரட் கழுவக் கொட்டகை கட்டினேன். நான்காம் வகுப்போடு நின்றவன் செய்தது இத்தனையும். என்னை மண் சுமக்கத்தான் லாயக்கு என்றவர்களே தங்கள் பிள்ளைகளை என் ஜீப்பில்தான் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள்.

காலையில் முதலில் கேரட் மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டுத்தான் பிள்ளைகளை இறக்குவேன். அதற்குள் முதல் பீரியடு முடிந்திருக்கும். அது கணக்கு. காலையில்தான் மூளை தெளிவாக இருக்கும் என்று தலைமையாசிரியர் அப்படிப் போட்டிருந்தார். அந்தத் தெளிவான நேரத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூட்டை மேல் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தினமும் பின்னாலிருந்து கத்துவாள்.

"தாத்தா, இன்னைக்காச்சும் எங்கள மொதல்ல எறக்கி விடுங்க. கணக்குப் போயிருது."

"கணக்கு எங்கிட்டு ஓடிரப் போகுது? லாரி போயிட்டா என் கேரட்ட நீயா சொமப்ப?"

வண்டியே சிரிக்கும். அவளும் சிரித்துவிட்டு, இரவல் நோட்டைப் பார்த்துச் சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டே வருவாள்.

பரீட்சையில் மற்ற பாடங்களில் தேறினாள். கணக்கில் போய்விட்டது. என் கொட்டகைக்கே வேலைக்கு வந்தாள்.

"மறுபடி எழுது புள்ள. நானே வெரசா கூட்டிட்டுப் போறேன்."

தண்ணீரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "எழுதலாம் தாத்தா. போன பீரியட யாரு திருப்பி எடுப்பா?"

மறுநாளே தலைமையாசிரியர் முன் போய் நின்றேன்.

"கணக்க மூணாவது பீரியடுக்குத் தள்ளுங்க சார். மொத பீரியடுக்கு வெளாட்டு வைங்க."

"டைம்டேபிள் நீங்க போடுறீங்களா?"

"இதுவரைக்கும் எங்க ஊருப் புள்ளைகளுக்கு என் ஜீப்புதான சார் போட்டுச்சு?"

எழுந்து பலகைக்குப் போனார். டைம்டேபிளை அழித்து எழுதினார். அதற்குப் பின் எங்கள் ஊரில் ஒரு பிள்ளையும் கணக்கில் தவறவில்லை.

போன மாதம் லாரிக்காரனிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். "ஒரு வார்த்த சொல்லிருந்தா அர மணி நேரம் நின்னுருப்பேனே அண்ணாச்சி" என்றான். நான் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து, பள்ளிக்கூட லீவு நாளில் பனி மூடிய வளைவில் ஜீப்பைத் திருப்பும்போதெல்லாம் பின்னால் சூத்திரம் முணுமுணுக்கிற சத்தம் கேட்கிறது. கண்ணாடியில் பார்த்தால் மூட்டைகள் மட்டும்தான். கொட்டகையில் அவள் வாய் திறப்பதில்லை.

பள்ளி ஆண்டு மலரில் நேரம் மாற்றிய பெருமை தலைமையாசிரியருக்குப் போயிருக்கிறது. அடுத்த மலரில் என் பங்கைப் போட்டாக வேண்டும். கணக்கை நகர்த்தியவன் நான். அதற்கு முன் அவள் கணக்கை லாரியில் ஏற்றி அனுப்பியவனும் நான். மலர் போடுகிறவர்களே, இரண்டையும் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.