ஒரே ஆணியில் இரண்டு சாவி

பெரிய கம்பெனியில் சாவி வைத்திருப்பவர் வேலை என்பது, கதவு திறக்கும்போது பக்கத்தில் நிற்பதும், திறந்ததற்குக் கையெழுத்துப் போடுவதும்தான். நிற்காமல் இருந்துவிடலாம், கையெழுத்தை மட்டும் விடக்கூடாது. படித்துப் பார்க்காத காகிதத்தில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு சொல்லாமலே புரியும்.

பொருத்தமான ஆள்

யுத்த காலம், நூலுக்குத் தட்டுப்பாடு. பள்ளிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் பஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பெரியவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. சின்னவன் சேலத்தில் காலேஜில் படித்தான். என் சம்பளம் நின்றால் அவன் படிப்பும் நின்றுவிடும்.

அப்போது சென்னையிலிருந்த தலைமை ஆபீஸ் ஒரு சட்டம் போட்டது. நூல் கிடங்குக்கு இனி இரண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டோர் கீப்பரிடம், இன்னொன்று அவருக்கு உறவில்லாத ஒருவரிடம். கதவு திறக்கும் நாளெல்லாம் இரண்டு பேரும் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும். ஸ்டோர் கீப்பர் வையாபுரி மல்லசமுத்திரத்துக்காரர். மில்லில் பாதிப்பேர் அவருக்கு மாமன் மச்சான், மீதிப்பேர் இனிமேல் ஆகப் போகிறவர்கள். தேடித் தேடிக் கடைசியில் நான்தான் அகப்பட்டேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, எதுவரை படித்தேன் என்று கேட்டார். "அஞ்சாவதுங்க" என்றேன். அவர் தலைமைக் குமாஸ்தா பக்கம் திரும்பினார்.

"கையெழுத்துப் போடற அளவுக்குப் படிப்பு இருக்கு, எதுக்குன்னு கேக்கற அளவுக்கு இல்லை. பொருத்தமான ஆள்தான்."

முருகன் பொறுப்பு

முதல் மாதம் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே தூங்கினேன். கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போனாலும், சாமியைக் கும்பிடுகிற கை பாதியில் முந்தானையைத் தொட்டுப் பார்க்கும். இந்த அவஸ்தையைப் பார்த்து வையாபுரிக்கே மனசு இளகிவிட்டது. கிடங்கு வாசலில் ஒரு முருகன் படம் உண்டு. அதை மாட்டியிருந்த ஆணியில்தான் அவர் தன் சாவியைத் தொங்கவிடுவார். என்னுடையதையும் அங்கேயே மாட்டச் சொன்னார்.

"சட்டம் ரெண்டு பேரு கிட்டன்னு சொல்லுதே தம்பி?" என்றேன்.

"ஏனுங்கக்கா, பிரிச்சு வெச்சா ஒண்ணு தொலையுமுங்க. அப்பறம் கதவை ஒடைக்கோணும். முருகன் கிட்ட இருந்தாச் சும்மாவா? பாத்துக்குவாருங்க."

அவர் சொன்னதற்கு எதிராகப் பேசினால் முருகனையே சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமே என்று பயந்து மாட்டிவிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து இன்னொரு வசதியும் வந்தது. பதிவேட்டை எடுத்துவைத்து, ஒரு வாரத்துக்கும் சேர்த்துத் திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டுவிடுவோம். மனசு உறுத்துகிறது என்று சொன்னேன். வையாபுரி ஆறுதல் சொன்னார்:

"தெனமும் போட்டா மட்டும் கையெழுத்து வேறயாவா வுழுகுதுங்க?"

மாட்டுப் பொங்கலன்று

தை மாசம் ஆடிட்டர் வந்தார். மெலிந்த மனுஷர், நீலப் பென்சில். கிடங்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, தூசி ஒத்துக்கொள்ளாதாம். பதிவேட்டில் ஒவ்வொரு நாளாகத் தொட்டு, ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு குறி போட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் பென்சில் நின்றுவிட்டது.

நானும் தேதியைப் பார்த்தேன். அது மாட்டுப் பொங்கல். அன்று மில்லே கிடையாது. நான் வீட்டில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். வையாபுரி ஊரில் மாட்டுக் கொம்புக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். பதிவேட்டிலோ இருவரும் சேர்ந்து கிடங்கைத் திறந்து மூடியிருக்கிறோம். வேலை போயிற்று, பையன் படிப்பும் போயிற்று என்று முருகனைக் கூப்பிட்டேன். ஆடிட்டர் நிமிர்ந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"லீவு நாள்லகூட ரெண்டு கையெழுத்து! மத்த மில்லுக்காரன் இங்க வந்து கத்துக்கணும்."

புளியங்கொட்டை

அந்தப் பாராட்டை வாங்கிய கையோடு என் சாவியை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

கணக்கு வருஷக் கடைசியில் நூல் மூட்டைகளை எண்ணி, எண்ணியவர் ஒரு கட்டத்திலும் சரிபார்த்தவர் ஒரு கட்டத்திலும் கையெழுத்திட வேண்டும். புத்தகத்தில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டை வையாபுரி அப்படியே எழுதி என்னிடம் நீட்டினார். நான் எண்ணப் போகிறேன் என்றேன். எண்ண ஆரம்பித்தால் அவர் ஊர்க்கதை பேசுவார், எண்ணிக்கை தவறிவிடும். மறுநாள் ஒரு பை நிறையப் புளியங்கொட்டையும் ஒரு காலிப் பையும் கொண்டு போனேன். ஒரு மூட்டைக்கு ஒரு கொட்டை என்று பை மாற்றிப் போட்டேன். முந்நூற்று எண்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். அதேதான்.

வையாபுரி முகம் வெளிறிப்போயிற்று. "நா எடுக்கலீங்கக்கா, என் புள்ளைங்க மேல சத்தியமுங்க. முந்தி இருந்தவரு குடுத்ததை எண்ணாம வாங்கிப்போட்டனுங்க" என்றார். நம்பினேன். ஆனால் மில் வாசலில் குமாரபாளையத்து நெசவுக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு, நூல் எப்போது வருமென்று குந்தியிருந்தார்கள். இல்லாத நூலை இருக்கிறதென்று எழுதக் கை வரவில்லை. என் கட்டத்தைக் காலியாக விட்டேன். மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எண்ணினதாக் கையெழுத்துத்தானேம்மா கேட்டாங்க, எண்ணச் சொல்லி யார் கேட்டது?"

மூன்றாம் பூட்டு

மெமோ வந்தது. மூட்டை குறைந்ததற்கு அல்ல. கட்டம் காலியாக இருந்ததற்கு. ஏன் வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்று ஏழு நாளில் நான் பதில் எழுதவேண்டும். பையனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏழாம் நாள், "இந்தப் பையில் எத்தனை கொட்டையோ, கிடங்கில் அத்தனை மூட்டை" என்று ஒரே வரி எழுதி, பையையும் கட்டி அனுப்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து பெரிய அதிகாரி பையோடு வந்து இறங்கினார். மூட்டையையும் எண்ணினார், கொட்டையையும் எண்ணினார். இரண்டும் சரியாக இருந்தன. பழைய காகிதங்களைக் கிளறினார். வையாபுரிக்கு முன்னால் நாலு பேர். ஒவ்வொருவரும் முன்னவர் எழுதியதை எண்ணாமலே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். முறைப்படி கையெழுத்து இருந்தபடியால் ஐந்து பேரும் நிரபராதிகள். மூட்டைகள் எப்போது போயின என்று யாருக்கும் தெரியவில்லை. என் மெமோ ரத்தாயிற்று. பையன் பரீட்சைக்குப் பணம் கட்டினேன்.

அதிகாரி போகும்போது கிடங்குக்கு மூன்றாவதாக ஒரு பூட்டுப் போட உத்தரவு போட்டார். அந்தச் சாவி மேனேஜர் பொறுப்பு. அது வந்த அன்று மேனேஜர் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இந்தக் கையும் அந்தக் கையுமாக மாற்றிக்கொண்டிருந்தார். வையாபுரி பணிவாகப் பக்கத்தில் போய்க் கேட்டார்:

"இதுக்குத் தனியா ஒரு ஆணி அடிக்கோணுங்களா சார், இல்ல முருகன் படத்து ஆணியே தாங்குமுங்களா?"

பூட்டுகளையெல்லாம் கதவுக்கே போட்டுக்கொண்டிருந்தோம், அந்த இருபத்து மூன்று மூட்டையோ எங்கள் கையெழுத்து வழியாகவே வெளியே போயிருந்தது.