சந்துக் குழாயில் நீலம்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு தனியார் பள்ளியில் பவுலின் டீச்சர் பதினோரு வருடமாக அறிவியல் எடுத்தாள். பதினோரு வருடமும் தற்காலிகம்தான். கணவன் டிரேவர் வேலை பார்த்த பீன்யா தொழிற்பேட்டைக் கம்பெனியை மூடிய பிறகு அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. இந்த லட்சணத்தில், பாடத்தை ஒப்பிக்கவிடாமல் பிள்ளைகளை யோசிக்கவைக்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வேறு. பிழைக்கத் தெரியாதவள்!

1997இல் ஒன்பதாம் வகுப்புக்கு அவள் கொடுத்தது ஒரே ஒரு பிரச்சினை. பள்ளிக்குப் பின்சந்தில் ஏன் இத்தனை பேருக்கு மஞ்சள் காமாலை? விடையை நீங்களே கண்டுபிடியுங்கள் என்றாள்.

பிள்ளைகள் வீடு வீடாக ஏறி இறங்கி விசாரித்தார்கள். காமாலை கண்ட ஐந்து வீட்டுக்கும் தண்ணீர் வந்தது ஒரே குழாயில். அது பள்ளியின் கழிப்பறைக் கழிவுத் தொட்டியை ஒட்டிப் போனது. அந்த ஐந்தில் ஒரு வீடு பிரபாவுடையது. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் பள்ளிக் கழிப்பறையில் ஊற்றிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னதும் அவள்தான். பாட்டில் பாட்டிலாக ஊற்றினார்கள். மறுநாள் தண்ணீர் விட்டதும் ஐந்து வீட்டிலும் நீலம்! பவுலினுக்குக் கால் தரையில் பாவவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை அது என்று தாளாளர் கூப்பிட்டனுப்பிய பிறகுதான் உறைத்தது.

தாளாளர் ஜெயராமன் சத்தமே போடவில்லை.

“உங்க பர்மனென்ட் ஆர்டர் என் டேபிள் மேலதான் இருக்கு டீச்சர். பசங்க கண்டுபிடிச்சது தப்புன்னு நீங்களே கிளாஸ்ல சொல்லிடுங்க.”

“அப்ப தொட்டி சார்?”

“அடுத்த வருஷம் பாக்கலாம்.”

மறுநாள் பவுலின் வகுப்பில் நின்று, “நம்ம தொட்டிக்கும் அந்தத் தண்ணிக்கும் சம்பந்தமே இல்ல. நீலம் வேற எங்கிருந்தோ வந்திருக்கு. நோட்டுல எழுதிக்குங்க” என்றாள். ஒரு பிள்ளையாவது எழுந்து சண்டைக்கு வராதா என்று அவள் மனம் தவித்தது. நாற்பத்திரண்டு தலைகளும் குனிந்து எழுதின. பிரபா மட்டும் கை தூக்கினாள். பவுலினுக்கு உயிர் வந்தது.

“மிஸ், அடிக்கோடு போடணுமா?”

“போடும்மா.”

அவமானத்தில் அவளுக்கு முகம் எரிந்தது. சாயந்திரம் பிரபா தன் வீட்டுக்குப் போய் அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடிப்பாள், மிஸ் சொன்ன தைரியத்தில்.