இதயம் காக்கும் இட்லி

டிபன் கடை வைத்திருப்பவன் கடைக்குப் பத்திரிகை வாங்கிப் போடலாம். அதை அவனே படிக்கக் கூடாது. நான் படித்தேன். அறுபதுகளின் கடைசியில் சின்ன காஞ்சிபுரத்தில் எனக்கு ஒரு கடை இருந்தது. காலைக் கூட்டம் கலைந்து மத்தியானச் சாப்பாடு தொடங்கும் வரை வேறு என்ன செய்வது? கல்லாவில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். வாரப் பத்திரிகையின் ஆரோக்கியப் பக்கத்தில் வெளிநாட்டில் யாரோ எதையோ கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்கள். யார், எந்த ஊர் என்று இருக்காது. நானும் தேடியதில்லை.

வெந்த போண்டா

எண்ணெய்ப் பலகாரம் ரத்தக் குழாயை அடைக்கும் என்று ஒரு வாரம் வந்தது. அடைபட்ட குழாய்க்குப் படமும் போட்டிருந்தார்கள். எங்கள் தெரு முனையில் இருந்த நகரசபைக் குழாய் மாதிரியே இருந்ததால் உடனே நம்பிவிட்டேன். சரக்கு மாஸ்டர் கோவிந்தனைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து போண்டாவை இட்லிப் பானையில் வேகவைக்கச் சொன்னேன். கோவிந்தன் என் நெற்றியை ஒரு முறை பார்த்தார், காய்ச்சல் இருக்கிறதா என்பதுபோல. பிறகு சொன்னபடி செய்தார்.

தினமும் வரும் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் அதை விரலால் அமுக்கினார். அமுங்கிய பள்ளம் எழும்பவில்லை. அவர் சொன்னது: "உடம்பு சரியில்லாதவன் பலகாரம் துன்னு பாத்துக்கீறேன். உடம்பு சரியில்லாத பலகாரத்தை இப்பதாம்பா பாக்கறேன்."

நூலுக்கு அரிசி

ரேஷனில் அரிசி அருகி, கோதுமையாகப் போட்டுக்கொண்டிருந்த சமயம். அரிசி மூளையை மந்தமாக்கும், கோதுமை தின்கிற தேசங்களே முன்னேறியிருக்கின்றன என்று ஆராய்ச்சி வந்தது. இரண்டும் ஏன் ஒரே சமயத்தில் வருகின்றன என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் அரிசி தின்று வளர்ந்தவன்தானே. கரும்பலகையில் ‘கோதுமை இட்லி’ என்று எழுதி வைத்தேன்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஏகாம்பரம் சைக்கிளில் வந்து இறங்கினார். பட்டு நெசவாளர். பகல் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர். மிளகும் சீரகமும் சுக்கும் தட்டிப் போட்டு மந்தாரை இலையில் வெந்த இட்லிமேல் நான் ஊற்றும் நெய்க்காகவே அவ்வளவு தூரம் வருகிறவர். பலகையை இரண்டு தரம் படித்தார். "பாவு நூலுக்கே அரிசிக் கஞ்சிதாம்பா போடறோம். நூலுக்கு அரிசி, நெய்யறவனுக்கு கோதுமையா?"

ஒரே கையெழுத்து

காப்பி இதயத்தைக் கெடுக்கும் என்ற துண்டை வெட்டி ஒரு சுவரில் ஒட்டினேன். அடுத்த மாதமே காப்பி இதயத்துக்கு நல்லது என்று வந்தது. நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் அல்லவா, அதை எதிர்ச் சுவரில் ஒட்டினேன். காப்பி கேட்பவர்கள் நல்லது என்ற சுவர் பக்கமும், காப்பியை நிறுத்திவிட்டவர்கள் கெடுதல் என்ற சுவர் பக்கமும் உட்கார ஆரம்பித்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மட்டும் இரண்டு சுவருக்கும் போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "ரெண்டுக்கும் கீழே ஒரே புனைபெயர்தான் போட்டிருக்கு. அவர் காப்பி குடிக்கிறாரா, அதைக் கேட்டு ஒட்டுங்க."

கன்னியம்மா

ஏகாம்பரம் சில நாள் வரவில்லை. தறியில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். டாக்டர் நெய்யும் எண்ணெயும் கூடாது என்று சொல்லி, வீட்டில் படுக்க வைத்திருந்தார். அவர் மனைவி கன்னியம்மா வந்து வாசலிலேயே நின்று சொன்னாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்தால் முதலில் இங்கேதான் வருவார், நெய் கேட்டால் கொடுக்கக் கூடாது என்றாள். கொடுக்கமாட்டேன் என்றேன். அது போதவில்லை அவளுக்கு. "நீ சொன்னா கேப்பாரு தம்பி. டாக்டரு சொன்னா, அவருக்கு இன்னா தெரியும்ங்கறாரு."

எட்டாண்டு ஆராய்ச்சி

அந்த வாரம்தான் பெருமாள் உற்சவத்துக்காக மெட்ராஸிலிருந்து ஒரு பத்திரிகை நிருபர் வந்தார். அதற்குள் மறுபடி அரிசிக்கே திரும்பியிருந்த இட்லியைச் சாப்பிட்டார். என்னென்ன போட்டிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். கடை வைத்து எத்தனை வருஷம் என்றார். எட்டு என்றேன். இதைச் சாப்பிடுகிற நெசவாளர்களுக்கு நெஞ்சுவலி உண்டா என்றார். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றேன். நன்றாக இல்லாதவர் வரமாட்டார் என்பதை அவர் கேட்கவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் ஏகாம்பரம் ஞாபகம் வரவில்லை. கூட வந்தவர் கேமராவைத் தூக்கியிருந்தார்.

‘இதயம் காக்கும் இட்லி: காஞ்சி நெசவாளரிடம் எட்டாண்டு ஆராய்ச்சி’ என்று அரைப்பக்கம் வந்தது. நடுவில் நான், எல்லாப் பல்லும் தெரிய. ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் கார்கள் வாசலில் நின்றன. கோவிந்தன் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்து மடித்து வைத்தார். "எட்டு வருஷமா ஆராய்ச்சி பண்ணிக்கினு இருந்தது நீ. மாவு ஆட்டிக்கினு இருந்தவன் யாருபா?"

படம்

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஏகாம்பரமும் வந்தார். சைக்கிளில் வரவில்லை, நடந்து வந்தார். சட்டை தோளில் தொங்கியது. கடை நிரம்பியிருந்தது. பையிலிருந்து மடித்த பத்திரிகைத் துண்டை எடுத்து மேஜைமேல் விரித்து, என் முகத்தை எனக்கே காட்டி, நெய்யைத் தாராளமாக ஊற்றச் சொன்னார்.

அது ஆராய்ச்சி இல்லை என்றேன், மெதுவாக. காதில் விழவில்லை என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டாக்டர் படம் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லையே என்றார். பக்கத்து இலைக்காரர் அதற்குள் இன்னும் ஒரு கரண்டி நெய் கேட்டார். ஏகாம்பரம் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இட்லி யார் இதயத்தையும் காக்காது, பத்திரிகையில் வந்தது தப்பு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். நெய்ப் பாத்திரத்தை உள்ளே கொண்டுபோகச் சொன்னேன். இன்றைக்கு யாருக்கும் நெய் இல்லை. இரண்டு மேஜைக்காரர்கள் எழுந்து போனார்கள். ஏகாம்பரம் போகவில்லை. பார்ப்பதற்குப் பக்கத்து இலையில் ஒன்றும் இல்லாததால், தன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வந்து பத்திரிகைத் துண்டை மடித்துப் பையில் வைத்தார். வைக்கும்போது மறுபடியும் ஒரு தரம் படத்தைப் பார்த்தார்.

"எல்லாம் பொய்யின்னா, இதுல எதுக்குப்பா அப்படி சிரிச்சிக்கினு இருக்கிற?"

என் எட்டாண்டு ஆராய்ச்சியில் சந்தேகமில்லாமல் தெரிந்தது ஒன்றுதான்: படம் பிடிக்கும்போது கடைக்காரன் வாயை மூடிக்கொண்டிருப்பது வாடிக்கைக்காரரின் இதயத்துக்கு நல்லது.